தந்தை என்னும் முறைப்பெயர்: திரித்துவ வழக்கும் ஆண் பெண் நிலையும்

கிறித்தவ சமயக் கோட்பாடுகளுள் ஆழமும் அருமையும் ஒருங்குடையது திரித்துவம். தந்தை, மகன், தூய ஆவி என மூவராய்ப் பேசப்படும் இறைவன் பொருண்மையால் ஒருவனே என்பது அதன் சாரம். புரட்டஸ்தாந்தர் இவ்விறைவனைத் திரியேக தேவன் எனவும், கத்தோலிக்கர் மூவொரு கடவுள் எனவும் தமிழில் வழங்குவர். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் தொழில்களைப் பகுத்துக்கொண்ட மும்மூர்த்திகளை இங்கு நினைத்தல் கூடாது. தொழிலால் பகுக்கப்படுவோர் அல்லர் இம்மூவர். அம்மையப்பர் என்னும் சைவ வடிவை நினைத்தலும் பொருந்தாது. ஆண் பெண் என்னும் பகுப்பு இம்மூவரிடை இல்லை என்பதே பண்டைக் கிறித்தவ ஆசிரியர் துணிபு. அத்துணிபே இக்கட்டுரைக்கு நிலைக்களம்.

2016ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்கச் சீர்திருத்தக் கிறித்தவரிடையே இக்கோட்பாடு பற்றிக் கடும் வழக்கு ஒன்று எழுந்தது. தந்தையின் அதிகாரத்துக்கு மகன் என்றென்றும் அடங்கியவர் என்றும், கணவனுக்கு மனைவி அடங்குதல் அதனைப் போன்றது என்றும் வெய்ன் குரூடெம், புரூஸ் வேர் முதலியோர் எழுதி வந்தனர். பிலடெல்பியா நகரின் ஆயராயிருந்த லியாம் கோலிகர், இஃது நைசியப் பேரவையின் வரையறையினின்று வழுவியது என வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். வரலாற்றறிஞர் கார்ல் ட்ரூமன் அவர் பக்கம் நின்றார். ஈண்டு வியப்பாவது ஒன்று. வழக்கிட்ட இரு சாராரும் இல்லறத்தில் கணவனே தலைவன், சபையில் ஆடவரே ஆயர் என்னும் கொள்கையில் ஒத்தவர். பெண்ணின் நிலை குறித்து அவரிடை வேறுபாடு இல்லை. அந்நிலைக்கு இறைவனை உவமை கூறலாமா என்பதே வேறுபாடு. ஆகவே இதனை மகளிர் உரிமை வழக்கு என்று மட்டும் கொள்வார் இதன் பாதியைக் காணார்.

இத்தகைய சமய வழக்கைத் தமிழாராய்ச்சி இதழில் எடுத்தல் என்னை எனின், வழக்கு முழுதும் சில சொற்களையும் ஓர் உவமையையும் பற்றியே நடத்தலின் என்க. சொற்பொருள் காண்டல், உவமையின் எல்லை காண்டல் ஆகிய இவை நம் தொழில். இறையியலார் முடிவுகளை இறையியலாரே காப்பர். அம்முடிவுகளுக்கு அவர் செல்லும் வழியை நாம் ஆராயலாம்.

முதற்கண் நைசியா. கி.பி. 325இல் கூடிய அப்பேரவை, மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த நிலையும் உண்டு எனக் கூறிய ஆரியூசின் கொள்கையை விலக்கி, மகன் தந்தையோடு ஒரே பொருண்மையர் என்று நிறுவிற்று. 381இல் கான்சுடான்டிநோபிளிற் கூடிய பேரவை அதனை உறுதிசெய்தது. பொருண்மை ஒன்றாயின் மூவரை வேறுபடுத்துவது யாது? தோற்றமுறை ஒன்றே என்பது அக்கால ஆசிரியர் விடை. தந்தை பிறவாதவர், மகன் தந்தையிடமிருந்து காலங்கடந்து பிறப்பவர், ஆவியார் புறப்படுபவர். இவற்றின்மேல் ஒன்றும் அவர் கூட்டிலர். ஆற்றல், பெருமை, அறிவு, விருப்பம் அனைத்தும் மூவர்க்கும் ஒன்றே.

இதனோடு அதிகாரமும் அடங்கலும் என்னும் இணை எப்போது சேர்ந்தது? கெவின் ஜைல்ஸ் என்னும் ஆத்திரேலிய அறிஞர், 2002இலும் 2006இலும் வெளியிட்ட நூல்களில், இதனை அண்மைக்காலப் புத்தாக்கம் என்பர். 1977இல் ஜார்ஜ் நைட் என்பார் ஆண் பெண் பங்குகள் பற்றி எழுதிய நூலைச் சுட்டுவர். அந்நூல் பொருண்மையில் ஒப்பும் பங்கில் அடக்கமும் ஒருங்கு நிற்கும் என வாதிட்டது மெய். ஆயினும் கருத்தின் வேர் அதனினும் முந்தியது. கார்ல் பார்த் தம் பெருநூலில் 1953இல் வெளிவந்த பகுதியில், மகனின் கீழ்ப்படிதல் இறைவனது உள்வாழ்விலேயே உள்ளது என்றும், மேல் கீழ் என்னும் முறை அங்கும் உண்டு என்றும் எழுதினார். கணவன் மனைவியரையும் அவ்விடத்துக் குறிப்பாற் சுட்டினார். அவர் கருத்தோ, கீழிடம் இழிவன்று என உலகிற்கு உணர்த்துவது. நைட் முதலியோர் கருத்து, கீழிடம் உண்டு என நிறுவுவது. ஒரே கூற்று இருவேறு நோக்குக்கு ஏவல் செய்தமை இதனாற் புலனாம்.

1987இல் அமெரிக்காவின் டான்வர்சு என்னும் ஊரில் ஆண் பெண் வேறுபாட்டுக் கொள்கையினர் தம் அறிக்கையை வகுத்தனர். அவ்வறிக்கை தொடக்கநூலின் படைப்பு வரலாற்றை ஆதாரமாகக் கொண்டதேயன்றித் திரித்துவத்தைக் கொண்டதன்று. பின்னர், குரூடெம் 1994இல் வெளியிட்ட இறையியல் நூல் பல கல்லூரிகளிற் பாடமாயிற்று. அதன்வழி இவ்வுவமை பரவிற்று. 1999இல் சிட்னி ஆங்கிலிக்க மறைமாவட்டத்தின் கோட்பாட்டுக் குழுவும் இதனைத் தழுவி அறிக்கை தந்தது. முதலில் இன்றியே நின்ற கட்டடத்துக்குப் பின்னர் நடப்பட்ட தூண் இது.

இனிச் சொல்லாராய்ச்சி. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்துப் பதினோராம் அதிகாரத்து மூன்றாம் வசனமே இவ்வுவமைக்கு முதலிடம். கிறித்து ஆடவனுக்கும், ஆடவன் பெண்ணுக்கும், கடவுள் கிறித்துவுக்கும் தலை என்பது அதன் பொருள். ‘கெபலே’ என்னும் கிரேக்கச் சொல் அங்கு வருவது. 1954இல் பெடேல் என்பார் அச்சொல் ஊற்று, தோற்றுவாய் என்னும் பொருளும் தரும் என எழுதினார். 1985இல் குரூடெம் 2,336 இடங்களைத் தொகுத்து ஆய்ந்து, அதிகாரம் என்னும் பொருளே உண்டு, ஊற்று என்னும் பொருள் இல்லை என முடிபு கூறினார். அதன்பின் மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாகக் கட்டுரைகள் பெருகின. அவற்றை விரிப்பிற் பெருகும்.

எண்ணிக்கையால் பொருள் துணிதல் எத்துணைப் பயன் தரும் என்னும் ஐயம் நமக்கு எழுதல் இயல்பு. தமிழில் ‘தலை’ என்னும் சொல்லையே நோக்குக. தலைவன் என்புழி ஆளுமை தோன்றும். தலைக்காவிரி என்புழி ஊற்றே தோன்றும். தலைநாள் என்புழி முதன்மை தோன்றும். ஒரு சொல் இம்மூன்றையும் தாங்குதலில் தமிழர்க்கு இடர்ப்பாடு இல்லை. இடமே பொருளைத் தரும். ஆயிரம் இடங்களில் தலைவனைக் கண்டவர் ஆயிரத்தோராம் இடத்தில் காவிரியை அரசி எனல் ஆகுமோ? மேலும் அகத்திணையில் தலைவன், தலைவி என இருவர்க்கும் அச்சொல்லே உரியதாயிற்று. அவ்வழக்கைக் கொண்டு சங்ககாலத்து மகளிர் ஆடவரோடு நிகர் என நிறுவ முயல்வார் உளராயின், அதுவும் இவ்வாறே பிழையாம். சொல்லின் உருவத்தினின்று வாழ்வின் அமைப்பை நேரே பிழிந்தெடுத்தல் இயலாது.

அவ்வசனத்தின் அடைவும் நோக்கத்தக்கது. ஏணிப்படி போல மேலிருந்து கீழ் இறங்கும் முறை கருதியிருப்பின், கடவுள் கிறித்துவுக்கு, கிறித்து ஆடவனுக்கு, ஆடவன் பெண்ணுக்கு என்றே பவுல் நிறுத்தியிருத்தல் வேண்டும். அவரோ கடவுளை இறுதியில் வைத்தார். படிமுறை எனக் கொள்வார் இவ்வடைவுக்குத் தக்க விடை தந்தாரில்லை. தோற்றமுறை எனக் கொள்வார்க்கு இது பொருந்தும்; கிறித்துவழி ஆடவன் படைக்கப்பட்டமையும், ஆடவனிடமிருந்து பெண் எடுக்கப்பட்டமையும், கடவுளிடமிருந்து கிறித்து வந்தமையும் கால அடைவில் நிற்றலின். இதுவும் துணிபன்று, ஆயினும் பாடத்துக்கு அணித்தாயது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் இத்திருமுகத்துக்கு உரைவிரித்த யோவான் கிறிசோஸ்தொம் இவ்விடத்துக் கூறியது இருதிறத்தார்க்கும் சான்றாயிற்று. கடவுள் கிறித்துவுக்குத் தலை என்பதைக்கொண்டு மகனைத் தாழ்த்தியவர்களை அவர் மறுக்கிறார். ஆளலும் அடங்கலுமே பவுலின் கருத்தாயின் மனைவியைக் காட்டார், அடிமையையும் ஆண்டானையும் காட்டியிருப்பார் என்பது அவர் வாதம். மனைவி அடங்கினும் உரிமையுடையாள், மதிப்பில் நிகரானவள் எனவும், மகன் கீழ்ப்படிந்தது கடவுளாகவே எனவும் மேலும் கூறுவர். முற்பகுதியைச் சமநிலையாளரும் பிற்பகுதியை அடக்கநிலையாளரும் எடுத்தாள்வர். முழுதும் படிப்பார் காண்பது வேறு. மனைவியின் அடக்கத்தை அவர் மறுத்திலர்; அதனை இறைவன்மேல் ஏற்றியதையே மறுத்தார். எடுத்துக்காட்டின் எல்லை அறிந்த உரையாசிரியர் அவர்.

இங்ஙனம் எல்லை அறிதலில் அவரினும் நுண்ணியர் நாசியான்சின் கிரெகோரி. 380இல் அவர் நிகழ்த்திய இறையியற் சொற்பொழிவுகள் ஐந்தும் இலக்கண மாணவரும் கற்கத்தக்கன. ‘தந்தை’ என்பது பொருண்மையின் பெயரா, செயலின் பெயரா என எதிரிகள் வினவினர். பொருண்மையின் பெயர் எனின் மகன் வேறு பொருண்மையர் ஆவார்; செயலின் பெயர் எனின் மகன் செய்யப்பட்டவர் ஆவார். இரண்டும் அன்று, உறவின் பெயர் என்பது கிரெகோரியின் விடை. தமிழிலக்கணம் அறிந்தார்க்கு இவ்விடை புதிதன்று; முறைப்பெயர் எனத் தொல்காப்பியர் தனித்து ஓதியது இதனையே. தந்தை என்னும் முறைப்பெயர் மகன் என்னும் மற்றொன்றை வேண்டி நிற்கும், அவ்வளவே. ஆள்வான், ஏவுவான், மூத்தான் என்பன அதன் பொருளுள் அடங்கா. அவை உலகத்துத் தந்தையர்க்கு வந்து கூடிய இயல்புகள். மகன் பிறக்குமுன் தந்தைக்கு வயது உண்டு. ஆதலின் அவன் மூத்தான். காலம் கடந்த பிறப்பில் மூப்பு ஏது? மூப்பினின்று தோன்றும் ஏவல்தான் ஏது?

பால் பற்றியும் அவர் கூறியது உண்டு. தந்தை, கடவுள் என்னும் பெயர்கள் ஆண்பாலாய் இருத்தலின் இறைவன் ஆண் எனவும், ‘தெயோதெசு’ என்னும் இறைமைச் சொல் கிரேக்கத்தில் பெண்பாலாய் இருத்தலின் இறைமை பெண் எனவும், ‘நியூமா’ ஒன்றன்பாலாய் இருத்தலின் ஆவியார் ஈனாதவர் எனவும் கொள்வீரோ என அவர் எள்ளி நகையாடினார். கிரேக்கத்தில் பால் சொல்லைப் பற்றியது. தமிழில் பொருளைப் பற்றியது. ஆதலின் அந்நகை தமிழ் மாணவர்க்கு உடனே விளங்கும். சிரிய மொழியில் ஆவியைக் குறிக்கும் ‘ரூகா’ பெண்பாற் சொல். பண்டைச் சிரியக் கிறித்தவர் ஆவியாரைத் தாய் எனப் பேசியதும் உண்டு. தமிழில் ஆவி அஃறிணை; மொழிபெயர்த்தோர் ‘ஆவியானவர்’ என உயர்திணையாக்கி, ஆண் பெண் இருவர்க்கும் பொதுவான உயர்வுப் பன்மை விகுதி தந்தனர். ஆங்கிலம் ‘அவன்’ என்னாது செல்ல இயலாத இடத்தில் தமிழ் ‘அவர்’ என எளிதிற் சென்றது. இதனை மொழியின் நற்பேறு எனலாமேயன்றி இறையியல் எனல் ஆகாது.

உவமையிலக்கணம் கொண்டும் இதனை நோக்கலாம். உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் ஒன்றோ பலவோ பற்றி வரும் எனவும், உயர்ந்த பொருளே உவமையாதற்கு உரியது எனவும் தொல்காப்பியர் வகுத்தார். இல்லறத்துக்கு இறைவனை உவமை கூறுதலின் உயர்ச்சி விதி வழுவவில்லை. வழுவியது வேறிடத்தில். உவமை பொருளை விளக்குதல் வேண்டுமாயின், பொருளினும் உவமை நன்கறியப்பட்டதாதல் வேண்டும். இங்கோ அறியப்பட்டது இல்லறம், அறியப்படாதது இறைவன். ஆதலின் இல்லறத்தை இறைவனாற் காட்டுவதாகத் தொடங்கி, இறைவனை இல்லறத்தாற் காண்பதாக முடிகின்றது. மகன் என்றென்றும் அடங்குகின்றார் என்பதை இவர் எங்ஙனம் அறிந்தார்? மகன் என்னும் சொல் மனைகளில் உணர்த்துவதைக்கொண்டு. பின்னர் அதனையே மனைக்குத் திருப்பித் தருகின்றார். கண்ணாடியிற் கண்ட முகத்தைக் கண்ணாடிக்கே உரியது என்பார்போல உளது இது.

பண்டை ஆசிரியர் உவமை கூறாதிருந்தாரல்லர். கிரெகோரியே ஆதாம், ஏவாள், சேத்து என்னும் மூவரைக் காட்டுவர். ஆதாம் பிறவாதவன்; சேத்து பிறந்தவன்; ஏவாள் பிறவாது எடுக்கப்பட்டவள்; மூவர்க்கும் மனிதத் தன்மை ஒன்றே. தோன்றும் முறை வேறாயினும் பொருண்மை வேறாகாது என்னும் ஒரு பொதுத்தன்மையை மட்டும் கொண்டு, எஞ்சியவற்றை அவர் தள்ளினார். இங்கே பெண் ஆவியாரின் நிலைக்கு எடுத்துக்காட்டாய் நிற்றலும் காண்க. அகஸ்தீனோ கணவன், மனைவி, மகவு என்னும் இல்லற மூவரைத் திரித்துவத்தின் சாயலாகக் கொள்ளுதலைத் தம் நூலின் பன்னிரண்டாம் பகுதியில் மறுத்தார். அவ்விடத்திலேயே பெண் தனித்து நிற்புழி இறைச்சாயல் ஆவாளா என்பது பற்றி அவர் எழுதியது இன்று படிப்பார்க்குக் கசப்பது. நைசிய ஆசிரியரைத் துணைக்கழைக்கும் சமநிலையாளர் அப்பக்கத்தையும் மறையாது காட்டல் வேண்டும். அவ்வாசிரியர் இறைவனிடம் அடக்கத்தை மறுத்தார், மனையில் மறுத்தாரல்லர்.

இனி ‘பங்கு’ என்னும் சொல். பொருண்மையில் நிகர், பங்கில் அடக்கம் என்பதே அடக்கநிலையாளரின் அரண். அவர் ஆளும் ஆங்கிலச் சொல் நாடகத்திலிருந்து வந்தது. நடிகன் படிக்கும் ஏட்டுச் சுருளின் பெயர். அரங்கில் அரசனாய் வந்தவன் நாளை ஏவலனாய் வருவான், மாறுதற்குரியதே பங்கு. எந்நாளும் எந்நிலையிலும் மாறாதது பங்கு எனப்படின் அச்சொல் தன் பொருளை இழந்துவிடும். 2008இல் டிரினிட்டி இவாஞ்சலிக்கல் இறையியற் பள்ளியில் குரூடெமும் வேரும் ஒருபுறமாக, தாமஸ் மெக்கால், கீத் யாண்டெல் இருவரும் மறுபுறமாக நின்று வாதிட்டனர். மெக்கால் கூறியது இது: அடங்குதல் மகனுக்கு இன்றியமையாது உரியது எனின் அது அவர் இயல்பாம், அவ்வியல்பு தந்தைக்கு இல்லை எனின் இருவர் பொருண்மையும் வேறாம். பிறத்தலும் மகனுக்கு மட்டும் இன்றியமையாது உரியதன்றோ, அதனாற் பொருண்மை வேறாயிற்றோ என எதிர்வினா எழும். வலிய வினா அது. ஆயினும் பிறத்தல் தோற்றத்தைக் கூறும். அடங்குதலோ ஏவும் விருப்பம் ஒன்றும் ஏற்கும் விருப்பம் ஒன்றும் என இரண்டு விருப்பங்களை வேண்டும். 680-681இல் கூடிய பேரவை கிறித்துவிடம் இறைவிருப்பம், மனிதவிருப்பம் என இரண்டு உண்டு என வகுத்தது. விருப்பம் இயல்பைச் சார்ந்தது என்பது அதன் அடிப்படை. அங்ஙனமாயின் இறையியல்பு ஒன்றாய மூவர்க்கு விருப்பமும் ஒன்றே. கெத்செமனியில் பணிந்தது மகனின் மனிதவிருப்பம்.

இத்துணை இடர்ப்பாடும் இருக்க, அதிகாரத்தை மூவரிடை வேறுபாடாக வைக்க நேர்ந்தது ஏன்? இதற்கு விடை ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பில் உளது. யோவான் நற்செய்தி மகனை ‘மொனொகெனெசு’ என்னும். பழைய ஆங்கில விவிலியம் இதனைப் பிறப்புக் குறிப்புடனும், 1952இல் முழுமையாக வெளிவந்த திருத்தப்பதிப்பு ‘ஒரே’ என மட்டும் பெயர்த்தன. 1953இல் டேல் மூடி என்பார் புதிய பெயர்ப்பே சரி என விரிவாக எழுதினார். அச்சொற்குப் பிறப்புப் பொருள் இல்லையாயின், மகனின் நித்தியப் பிறப்புக்கு விவிலியச் சான்று மெலியும். குரூடெமும் வேரும் அக்கோட்பாட்டை ஐயுற்றது இவ்வழியே. பிறப்பு நீங்கியவிடத்துத் தந்தையையும் மகனையும் வேறுபடுத்த வேறொன்று வேண்டுமன்றோ? வெற்றிடத்தில் அதிகாரம் வந்து அமர்ந்தது. பழைய தமிழ் விவிலியம் ‘ஒரேபேறான’ எனப் பேற்றினைக் காத்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘ஒரே’ என்றது. இரு பெயர்ப்பையும் ஒருங்கு வைத்து ஓதும் தமிழ்க் கிறித்தவர் கையிலும் இவ்வழக்கு இருக்கின்றது, அவர் அறியினும் அறியாவிடினும்.

எதிர்த்தரப்பினர் குற்றமற்றவர் எனல் ஆகாது. யூர்கன் மோல்ட்மன் 1980இலும் லெயொனார்தோ போஃப் 1986இலும் மூவரின் ஒப்புரவை மாந்தர் சமுதாயத்துக்கு முன்மாதிரியாக வைத்தனர். நோக்கம் சிறந்ததே. எனினும் மேல் கீழ் அற்ற சமுதாயத்தை விரும்பி, அதனை இறைவன்மேல் எழுதி, மீண்டும் இறைவனிடமிருந்து படித்தெடுத்தலும் அக்கண்ணாடி வித்தையே. 2000இல் கேரன் கில்பி எழுதிய கட்டுரை இதனைத் தெளிவுற உணர்த்திற்று. விரும்பத்தக்க முடிபைத் தருதலின் வழி நேர்வழியாகிவிடாது. பெண்ணின் சமநிலைக்கு வேறு நல்ல சான்றுகள் உள. இச்சான்றைத் துறத்தலால் அதற்கு இழிவு இல்லை.

2016 நவம்பரில் சான் அந்தோனியோவில் நிகழ்ந்த இவாஞ்சலிக்க இறையியற் கழகக் கூட்டத்தில் குரூடெமும் வேரும் நித்தியப் பிறப்பைத் தாம் ஏற்பதாக அறிவித்தனர். மறு ஆண்டு வெளிவந்த தொகைநூலில் சார்லசு லீ அயன்சு ‘மொனொகெனெசு’ என்பதன் பிறப்புப் பொருளை மீண்டும் நிறுவ முயன்றார். 2020இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் குரூடெம் அதற்கேற்பத் திருத்தம் செய்தார். ஆயினும் நித்திய அடக்கத்தை விட்டாரில்லை. எவ்வெற்றிடத்தை நிரப்ப அதிகாரம் வந்ததோ அவ்வெற்றிடம் அடைபட்டபின்னும் அது எழுந்து செல்லவில்லை. கோலிகரும் ட்ரூமனும் அதனை நீக்கியபின்னும் கணவனின் தலைமை என்னும் தம் கொள்கையில் இம்மியும் நெகிழ்ந்தாரில்லை.

அங்ஙனமாயின் அவ்வுவமை எதனைத் தாங்கி நின்றது என்பதே இனி ஆராய்வார் வினவத்தக்கது. அதற்குச் சான்று பேரவை ஏடுகளில் கிடையா. 1977க்குப்பின் அந்நாட்டுச் சபைகளில் எழுந்த திருமணப் பாடநூல்களையும் ஆயர் உரைகளையும் ஆண்டு வரிசையில் அடுக்கி, திரித்துவம் எவ்விடத்து, எவ்வினாவுக்கு விடையாக நுழைகின்றது என ஒருவர் காணுதல் வேண்டும்.